ஹெப்சியின் வாய்

மறுபடியும் கட்டு நழுவிவிட்டது. டோர்கஸ் துணியை எடுத்து, செத்துக் கிடந்த அக்காவின் மோவாய்க்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஹெப்சியின் வாய் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி மெல்லத் திறந்துகொண்டது.

வெறுமனே திறந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஒரு புருவம் மேலேறி, உதடு கோணி, அது அந்தப் படத்தில் இருக்கிற வாய். வாரப் பத்திரிகை வாங்குகிற லண்டன்காரர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்த வாய். சூப்புச் சட்டியைப் போட்டுடைத்துவிட்டு எஜமானியம்மா முன்னால் திருதிருவென்று விழிக்கும் சமையற்காரி! வரைந்தவர், அக்காவும் தங்கையும் வேலை பார்த்த இந்த வீட்டு எஜமான் லாட்டிமர்தான். அதற்காக ஹெப்சியை அடுப்படியிலேயே, தட்டும் கையுமாக, வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் நிற்க வைத்தார். படம் சக்கைப்போடு போட்டது. அப்புறம் வாராவாரம் அதே சமையற்காரிதான். நிஜ ஹெப்சி ஒரு கிண்ணத்தைக்கூட உடைத்தவள் இல்லை. முன்பல் உடைந்த வெட்கத்தில், சிரிக்கும்போதுகூட உதட்டைப் பிரிக்க மாட்டாள், பாவம்.

சளி நெஞ்சில் முற்றி நேற்று போய்விட்டாள். சேதி தெரிந்து கென்ட்டிலிருந்து அப்பா கிளம்பிவிட்டார், மத்தியானம் வந்துவிடுவார். படத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஹெப்சி சொல்ல விட்டதில்லை. மனுஷன் இந்த முகத்தையா கடைசியாகப் பார்த்துவிட்டுப் போவார்?

டோர்கஸ் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். லாட்டிமர் சன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளை பூசிய மரக்கட்டையில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். பத்திரிகையில் அச்சடிக்க, சாயங்காலம் அது செதுக்குகிறவரிடம் போயாக வேண்டும். கட்டையில் அதே சமையற்காரி, அதே வாய்.

“ஐயா, அவ செத்துட்டா. இன்னுமா?”

“எனக்கு மட்டும் ஆசையா? அவ முகத்த அவ முகமாவே வரைஞ்சு வைப்போம்னு காலையிலேர்ந்து பாக்கறேன். கை கேக்க மாட்டேங்குது.”

காலடியில் கசங்கிய தாள்கள் கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். அதிலும் அதே பிளந்த வாய்தான். அவர் பொய் சொல்லவில்லை.

டோர்கஸ், அக்காவைத் துடைத்துவிட்டதில் நனைந்திருந்த தன் ஏப்ரனைக் கட்டையின் மேல் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சமையற்காரி வழிந்து போனாள். லாட்டிமர் தடுக்கவில்லை.

மேலே வந்து பார்த்தால், கட்டுத்துணி தரையில் கிடந்தது. ஹெப்சியின் வாய் மூடியிருந்தது. உதடுகள் ஒட்டி, சிரிப்பை உள்ளேயே வைத்திருக்கிற பழைய ஹெப்சி. டோர்கஸ் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பயம் பாதி, நிம்மதி பாதி.

வாசல் மணி அடித்தது. படியில் அப்பாவின் கனத்த பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அதற்கும் கீழே இன்னொரு சத்தம், மரத்தில் பென்சில் உரசுகிற சத்தம். லாட்டிமர் வேறு கட்டையை எடுத்துவிட்டார்.

டோர்கஸ் சட்டென்று உள்ளங்கையை அக்காவின் மோவாய்க்கடியில் கொடுத்துத் தாங்கினாள். சில்லிட்ட மோவாய் அவள் கையை மெல்லக் கீழே அழுத்தியது.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கட்டிலருகே வந்தார். சின்னவள் பெரியவளைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்திருப்பார்.

“கைய எடும்மா. முகத்த நல்லாப் பாத்துக்கறேன்.”

“இப்பிடியே பாருங்கப்பா,” என்றாள் டோர்கஸ். கையை எடுக்கவில்லை.