மெஹபூப் பாஷாவின் விரல் நடை

…அப்படியானால் நான் யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்க முடியுமா, கேட்டாலும் அது அந்தச் சிவப்பு வரியைத்தான் திரும்பக் காட்டும், 'நீங்கள் மெஹபூப் பாஷா இல்லை', இதோடு இரண்டாவது தடவை, ஐம்பத்தாறு வருடமாக இதே பெயரோடு மீர்சாகிப்பேட்டையில் நடமாடும் ஆளைப் பார்த்து… பத்து மணிக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போகவேண்டும், அதற்கு அது காட்டும் இரண்டு வரியையும், பதில் கடிதம்போலக் கீழே பெயரையும் அடித்துக் காட்ட வேண்டும், மூன்றாவது தடவையும் தப்பினால் பூட்டிக்கொள்ளும், ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசுக்கு நேரில் போய் எல்லார் எதிரிலும் தட்டிக்காட்ட வேண்டும், தட்டினால் குட்டு உடையும், வேலை போகும். பாஸ்வேர்டைத் திருடலாம், விரல் நடையைத் திருட முடியாது என்றார்கள், எந்த எழுத்தில் வேகம், எந்த எழுத்தில் தயக்கம் என்று இரண்டு வருடமாக மிஷின் கவனித்துக்கொண்டே இருக்கிறதாம், கவனிக்கட்டும், ஆனால் அது கவனித்தது ஹமீதுன்னிசாவின் விரல்களை அல்லவா… கட்டிய மனைவி, மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், இவரோ ஒற்றை விரலால் கோழி கொத்துகிற ஜாதி, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் நான் சொல்கிறேன் நீ அடி என்றார், அவ்வளவுதான்.

தண்ணீர் மோட்டார் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுவது லேசான வேலையா, மெஹபூப் பாஷாவின் பதிலைப் படித்துவிட்டு அடையாறில் ஒருவர் ஓடாத மோட்டாருக்குச் சந்தனம் பூசிக் கூடத்தில் நிறுத்திக்கொண்டார், தி.நகரில் ஒரு அம்மாள் தண்ணீர் வராததற்குத் தானே மன்னிப்புக் கேட்டு எழுதினார், பொய்யில்லை, கடிதம் இருக்கிறது… அதைத்தான் வெள்ளிக்கிழமை விருந்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார், வீட்டம்மாவும் உதவுவாங்களோ என்று யாரோ கேட்க, இவளா, இவளுக்கு மோட்டாருக்கும் மிக்சிக்கும் வித்தியாசம் தெரியாது என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சனிக்கிழமை காலை பெருங்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சிரித்தவள் ஏன் போனாள்?

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் நோயலையும் கேட்டாயிற்று. "கையில அடி கிடி பட்டுச்சா அங்கிள்? வேற ஆளு தட்ற மாரி காட்டுது" என்றான், வேற ஆளு, இன்னும் கொஞ்சம் பேசினால் எந்த ஆளு என்றும் கண்டுபிடித்துவிடுவான்… ஒன்பது ஐம்பதுக்கு வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் போட்டார், பெருங்குடியிலிருந்து பத்து நிமிடத்தில் பறந்து வர அவள் என்ன காக்காயா, எப்படி அடிப்பாய் என்றாவது சொல் என்றார். மளமளவென்று போய்விடுவேன் என்றாள், குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கடைசில உங்க பேரு வரும்ல, அங்க மட்டும் கை நின்னுடும்."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது, அவருடைய தாயாரும் கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை, இவள் விரலாலும் சொல்லக் கூசுகிறாளே…

"மரியாதையா நிசா?"

கேட்டிருக்க வேண்டாம்.

"இல்லீங்க. எழுதினது நானு, கீழ உங்க பேரு போடணுமேன்னு."

வைத்துவிட்டாள். சொன்னதை அடித்தாள் என்றல்லவா இருந்தார்… 'கொஞ்சம் பார்த்து எழுது' என்றுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தது சொன்னதில் சேருமா, சந்தனம் பூசிய மோட்டார் அப்போது யாருடையது… ஒற்றை விரலால் முடிந்த வேகத்தில் இரண்டு வரியையும் அடித்தார், ஒன்பது ஐம்பத்தெட்டு, பெயருக்கு முன்னால் விரலைத் தூக்கி நிறுத்தினார், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், ஒரு மூச்சா, இரண்டா, பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்த இரண்டு வருடத்தில் அந்தக் கை நின்றதை ஒரு நாளும் பார்த்ததில்லை, தன் சொந்தப் பெயரின் மேலே விரலை இறக்கத் தெரியாமல்…