உருளையில் ஒரு கீறல்

எங்கள் வீட்டைத் தெருவில் தராசு வீடு என்பார்கள். நாட்டின் மூலக் கிலோவை என் தகப்பனார் காத்தார், பிறகு நான், எனக்குப் பின் பெட்டகச் சாவி என் மகளிடம் வந்தது. கண்ணாடி மூடிகளுக்குள் இருக்கும் பிளாட்டின உருளை அது. அன்றைய சட்டப்படி அதன் எடைதான் கிலோ. கடைத்தெருப் படிக்கல் வரை எல்லாம் அதன் நகல்கள் வழி வந்தவை.

ஒரு மாலை அவள் கைப்பையைக்கூட இறக்காமல் என் முன் வந்து நின்றாள்.

"அப்பா, கீறிட்டேன்."

உருளையைத் தூக்கும் இடுக்கியின் முனையில் சுற்றிய மான்தோல் விலகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வெறும் உலோகம் உரசிவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, நகல் எடைகள் எல்லாமே உருளையைவிட ஒரே அளவு கூடுதல் கனம் காட்டின.

"நாளைக்கு இயக்குநர்கிட்ட சொல்லப்போறேன்."

"என்னன்னு? கிலோ குறைஞ்சுடுச்சுன்னா? அதுதாம்மா கிலோ. அது எப்படிக் குறையும்? நகலெல்லாம் கூடியிருக்கு, அவ்வளவுதான்."

"நான் குண்டாகலை, சட்டையெல்லாம் சுருங்கிடுச்சுன்னு சித்தப்பா சொல்வாரே, அந்தக் கதையா இருக்கு."

நான் சிரிக்கவில்லை. குடும்பப் பெயர் சந்தி சிரிக்கப் போகிறது, இதில் சிரிப்பென்ன?

அவள் சொல்லிவிட்டாள். விசாரணைக்கு முன்னாள் காப்பாளர் என்று என்னையும் அழைத்தார்கள். நிமிர்ந்து நின்று சட்டத்தை வாசித்தேன். மூல எடை பிழைபட வழியே இல்லை என்றேன். பெட்டகத்துக்கு விசாரித்த அதிகாரிகளும்தானே பொறுப்பு. எல்லோர் முகமும் தெளிந்தது. நகல்கள் திருத்தப்படும் என்று தீர்ப்பாயிற்று.

"தராசு வீடுன்னா சும்மாவா ஐயா!" என்றார் இயக்குநர்.

"அப்போ அந்தக் கீறல்?" என்றாள் மகள்.

"எந்தக் கீறல்மா?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை என் மேசைமேல் வைத்தாள்.

"அந்த உருளையை இனிமே என்னால தொட முடியாது. கீறினது நான். அந்தத் தப்பைக்கூட எங்கிட்ட விட்டு வைக்கலையே நீங்க."

"உன்னைக் காப்பாத்தினேன்டி."

"என்னையா?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது. மறுநாள் நானே போய்ச் சாவியை ஒப்படைத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பெயருக்கு ஒரு கறையும் இல்லை. தெருவில் இன்னமும் தராசு வீடு என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே நாங்கள் இருவர் இருக்கிறோம். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் அறைக்கதவு திறக்கும்.