மருமகளின் இடுப்புவலி

எட்டாம் மாதத்தில் மருமகளுக்கு இடுப்புவலி உயிரை எடுத்தது. பிரசவ டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அக்குபஞ்சர் படித்த மகள் ஊசிப் பெட்டியைத் திறந்தாள். தையல்காரரான அப்பா பதறிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பார்த்தும்மா, ரெண்டு உசிரு."

"குத்தக் கூடாத இடமெல்லாம் எனக்கு அத்துப்படிப்பா. நீங்க பேசாம உக்காருங்க."

அண்ணியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முடிபோல மெல்லிய ஊசிகளைப் பதமாக ஏற்றினாள். சற்று நேரத்தில் மருமகள் குறட்டையே விட்டாள். விழித்ததும் சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்தாள்.

"நாத்தனாரே, எங்கே போச்சு என் வலி?"

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் கடைக்கு அளவு கொடுக்க வந்தவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சட்டை எங்கேயும் ஓடிப் போகாது சார். முதல்ல என் பொண்ணு செஞ்சதைக் கேளுங்க!"