முட்டி மடக்காத இராயப்பர்

அப்பா அதுவரை எழுத்துகள் மட்டுமே எழுதியவர். துறைமுகக் கிடங்கில் பெட்டிகள்மேல் ஊர்ப்பெயரும் எண்ணும் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுகளுக்குப் பெயர் எழுதுவார். அதனால் கல்மண்டபத்துக் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோவிலில் வைக்க, சேசுவின் சீடர் இராயப்பர் படம் ஒன்றைத் தானே வரைந்து தருவதாக அவர் சொன்னபோது, அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பழைய படம் போன ஐப்பசிப் புயலில் நனைந்து, இராயப்பரின் தாடி மட்டும்தான் மிச்சம். திருநாள் ஆனி மாதத்தில் வரும். அன்று காலை எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் மட்டுமல்ல, குப்பத்து மீன்பிடிக்காரர்களும் வருவார்கள். அவர்களுக்கு அம்மன் கோவில் தனியே உண்டு. ஆனாலும் இராயப்பர் வலை வீசிப் பிழைத்தவர், தங்கள் தொழில்காரர் என்று அவர்களுக்கு ஓர் ஒட்டுதல். வலையின் ஒரு முனையைப் படத்தின் கீழே வைத்து எடுத்த பிறகுதான் அன்று கடலில் இறங்குவார்கள். குப்பத்து நாட்டாமை கருணாகரன் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதோ பாரு அம்புரோசு, எங்காளுங்க வலைய வெச்சாத்தான் உன் படம். எவனாச்சும் மூஞ்ச சுளிச்சான்னு வெச்சிக்க, பாரீசு கடைத்தெருவுல கண்ணாடி போட்ட அச்சுப்படம் கீது. அன்னிக்கே வாங்கியாந்து மாட்டிடுவேன்."

அப்பா தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இராயப்பராக நிற்க எத்திராஜ் மாமா வந்தார். எங்கள் அடுத்த வீடு. கட்டுமரத்தில் போகிறவர். நரைத்த தாடி, வெயிலில் கறுத்த அகன்ற நெற்றி. வேடிக்கை பார்க்க அவர் மனைவி குப்பம்மா அத்தையும் கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"இந்த மனுசனா சாமி? நேத்து வஞ்சிரத்த நாய் தூக்கினு போவுது, பாத்துகினு குந்தினு இருந்தாரு!"

"உன்ன எவன் கேட்டான்? அம்புரோசு கூப்டாரு, வந்தேன்."

அப்பா நடு வீட்டில் பெஞ்சைப் போட்டு, "இதான் கட்டுமரம். ஏறி நின்னு, வலது கைய முன்னால நீட்டு" என்றார். மாமா ஏறினார். சாமியாகப் போகிறோம் என்ற மரியாதையில் கால் இரண்டையும் ஒட்டி வைத்து, முட்டியை விறைத்து, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்ததுபோல நின்றார்.

நான் மூலையில் எண்ணெயில் வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தேன். கட்டுமரத்தில் மாமா ஒருநாளும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மூன்று பேர் கூடிய இடத்தில் என் குரல் தொண்டையைத் தாண்டாது. எட்டாவதோடு என் படிப்பு நின்றதும் அதனால்தான். அப்பாவோ வாழ்நாள் முழுக்கக் கரையிலேயே வேலை பார்த்தவர். கண்ணால் கண்டதை அப்படியே பாய்த்துணியில் ஏற்றினார்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. கடல், கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் நிறத்தில் இருந்தது. முகம் மட்டும் எங்களை நிமிர்ந்து பார்க்கவைத்தது. அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்று அம்மாவுக்கே தெரியாது.

திருநாள் காலையில் பங்குச் சாமியார் வந்து திரையை விலக்கினார். கூட்டத்திலிருந்து ஒரு கூவல்.

"டேய், நம்ம எத்திராஜ் மாமுடா!"

மாமா தாடியைத் தடவிக்கொண்டார். அப்பாவின் முகத்தில் சிரிப்பு அரும்பியது. அப்போது திருமலை என்கிற இளம் மீன்பிடிக்காரர் தோளில் வலையோடு கிட்டே வந்து படத்தைக் குனிந்து பார்த்தார்.

"மூஞ்சி சரி. காலப் பாரு."

"காலுக்கு இன்னா?" என்றார் மாமா.

"முட்டி மடக்கல. ரெண்டு காலும் ஒட்டிகினு கீது. ஒரு அலை வந்தா மல்லாக்கப் போயிடுவாரு."

எல்லோரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். "அட ஆமாம்பா! நைனா, இத்தினி வருசம் கடலுக்குப் போயி உனக்கு நிக்கத் தெரியலயா?"

"அது பெஞ்சிடா!" என்று மாமா கத்தினார். "பெஞ்சி மேல எவன்டா முட்டிய மடக்கினு நிப்பான்?"

சிரிப்பு அடங்கியது. ஆனால் யாரும் வலையை வைக்கவில்லை. திருமலை தன் வலையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "தப்பா நெனைக்காத அம்புரோசண்ணே. வுழப்போற ஆளு கால்ல வலைய வெச்சிட்டு எப்டி கடல்ல எறங்குறது?"

கருணாகரன் தன் சைக்கிளை எடுத்தார். பாரீசுக்குத்தான். அப்பா சுத்தமாக இருந்த விரல்களைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

எனக்குச் சட்டென்று அது நினைவுக்கு வந்தது. கோவிலில் வருஷா வருஷம் கேட்டதுதான். பக்கத்தில் நின்ற குப்பம்மா அத்தையின் முந்தானையை இழுத்து, காதில் சொன்னேன்.

"இன்னா? நெசமாவா? அட மனுசா!" என்றாள் அத்தை. பிறகு மீன் அங்காடியே திரும்பிப் பார்க்கும் அந்தக் குரலை எடுத்தாள். "யோவ் கருணாகரா! சைக்கிள நிறுத்து! அம்புரோசு பொண்ணு ஒண்ணு சொல்லுது. இந்தச் சாமி நெசமாவே வுழுந்தவராம்யா! சேசு தண்ணி மேல நடந்து வந்தாராம். இவரு நானும் வரேன்னு படகவுட்டு எறங்கினாராம். ரெண்டடி போனாராம். காத்தப் பாத்து பயந்துகினு முங்கிட்டாராம்!"

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள்.

"வாஸ்தவம்தான்" என்றார் அவர். "சுவிசேஷத்திலேயே இருக்கிறது."

திருமலைக்கு நம்பிக்கை வரவில்லை. "கடல்காரன், காத்துக்குப் பயந்தாரா?"

"பயந்தார்."

"அப்ப நம்மாளுதான்" என்றார் திருமலை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அப்பால யாரு தூக்கினது?"

"ஆண்டவர் கையை நீட்டிப் பிடித்தார்."

சைக்கிளைப் பிடித்தபடியே கருணாகரன் கேட்டார். "அந்தக் கை படத்துல எங்க? வுழறவரு கீறாரு, புடிக்கிறவரு இல்ல. அதப் போடு அம்புரோசு. அப்பால வலைய வெப்பாங்க."

அப்பா வீட்டுக்கு ஓடி வர்ணப் பெட்டியோடு வந்தார். பார்த்து வரைய ஒரு கை வேண்டும். ஆண்கள் எல்லோரும் வலையைச் சுமந்து நின்றார்கள். குப்பம்மா அத்தை வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டு, புருஷனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ம், வரைஞ்சிக்க. சீக்கிரம், கருவாடு விக்கணும்."

முக்கால் மணி நேரத்தில், படத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு இராயப்பரின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. சாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார்.

"கட்டைவிரலில் இது என்ன வெட்டு?"

அது அத்தையின் அரிவாள்மணை வெட்டு. அப்பா திணறினார். "பாத்தத அப்படியே போட்டுட்டேன் சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆண்டவர் தச்சன் வீட்டுப் பிள்ளை. கையில் வெட்டு இல்லாமலா இருந்திருக்கும்? இருக்கட்டும்."

திருமலைதான் முதலில் வலையை வைத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். "ஈரம், ஈரம், மேல படாம!" என்று அப்பா சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் எத்திராஜ் மாமாவின் வலையில் ஒரு பொட்டு வர்ணம் ஒட்டிக்கொண்டது. கருணாகரன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"மாமு, படத்துலயும் அத்ததான் உன்னப் புடிச்சிகினு கீது" என்றார் திருமலை.

"அந்தப் புடியப் பாரு. முப்பது வருசமா இப்டித்தான். வுழணும்னு நெனச்சாக்கூட வுட மாட்டா."

அத்தை வளையல்களைக் கீழே தள்ளிவிட்டுக்கொண்டு தன் கருவாட்டுக் கூடையருகே போய் நின்று புருஷனைக் கூப்பிட்டாள். "சாமி, கொஞ்சம் வந்து கூடயத் தூக்கி வுடு."

மாமா இந்த முறை முட்டியை நன்றாக மடக்கித் தூக்கிவிட்டார்.