மேற்குச் சுவராகப் பதிவு செய்யப்பட்டவர்

எங்கள் துறையில் எம்.ஆர்க் இரண்டாம் ஆண்டு வந்துவிட்டால், தான் வரைந்த கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டும். பசுமைக் கட்டடப் படிப்புக்கு அதுதான் தேர்வு. நானும் என் கணவர் பிரகதீஷும் ஆவணி மாதம் என் வரைபடத்துக்குக் குடிபோனோம். பால் காய்ச்சவில்லை. காய்ச்சினால் மீட்டரில் ஏறும்.

மீட்டர் வாசல் கதவுக்கு மேலே இருந்தது. உள்ளே உண்டாகிற வெப்பத்தை எல்லாம் வாட் கணக்கில் காட்டும். பங்குனியில் ஜூரி என்று மூன்று பேர் வந்து பார்க்கும்போது அதில் பூஜ்யம் இருக்க வேண்டும். இருந்தால் பட்டம். இல்லாவிட்டால் கட்டடத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கையில் கொடுத்துவிடுவார்கள். போன வருடம் ஒருத்தியின் கட்டடத்தைச் சுருட்டியபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இன்னும் அவளால் முழுதாக நிமிர முடியவில்லை.

நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். கார்த்திகைக்குள் எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். ஜன்னல்களைக் காற்று வரும் பக்கம் திருப்பினேன். காற்று வராத நாட்களில் ஜன்னல்களே போய்க் கூட்டிவந்தன. ஃபிரிட்ஜை வேண்டாம் என்றேன். அது மறுபேச்சு இல்லாமல் படியிறங்கிப் போனது. அப்படியும் நூற்றுப் பத்து வாட் மிச்சம் நின்றது. சல்லடை போட்டுத் தேடியும் அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

என் கைடு சடையப்பன் சாரைப் பார்க்கப் போனேன். அவர் அறைக்குப் போகும் வராண்டா காற்றோட்டத்துக்காக வாரம் ஓர் அடி நீளும். இரண்டு வேளைச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். சார் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, பெரிய மண்பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஊட்டுல யாரு இருக்கறீங்க?"

"நானும் அவருமுங்க சார்."

"நீ டிசைன் பண்ணுன ஆளு. உன்னையக் கணக்குல சேக்கறதில்ல. அவரு எத்தன வாட்டு?"

"சும்மா உக்காந்திருந்தா நூத்திப் பத்துங்க சார்."

"சிரிச்சா?"

"நூத்தி முப்பதுங்க."

"சிரிக்க உடாத" என்றார் சார்.

திரும்பி வரும் வழியில், வராண்டாவின் பாதியில், எனக்கு விளங்கியது. அந்த எண் எனக்கு முன்பே தெரியும். அது அவர்தான் என்பது மட்டும் அதுவரை தோன்றவில்லை.

பிரகதீஷ் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்று சொல்லிவிடுவார். எதிர்வீட்டு சிலிண்டரைத் தூக்குவார். முன்பின் தெரியாதவர்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பதை நிறுத்தினார். மூன்று வேளையும் குளித்தார். தொண்ணூற்றைந்து ஆயிற்று. பேச்சைக் குறைத்தார். எண்பத்தெட்டு. மீட்டரில் எண் இறங்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

எண்பத்தெட்டுக்குக் கீழே அவர் இறங்கவில்லை. நான் அதே வராண்டாவில் இருந்த துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வெட்டிவேர்த் தட்டி ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் இருந்து பதில் வரும். ஆளை யாரும் பார்த்ததில்லை.

"ஆளை எடுக்க முடியாது" என்றது குரல். "மாத்திக்கலாம்."

"என்னவாங்க?"

"செவுரா."

"செவுத்துக்கு வாட் கெடையாதுங்களா?"

"செவுரு வெயில வாங்கும், குடுக்கும். தானா உண்டாக்காது. ரேங்குக்கு அஞ்சு பாயிண்ட் வேற கெடைக்கும்."

தட்டிக்குக் கீழே இருந்து படிவம் ஒன்று வந்தது. 'ஆட்கள்' பத்தியிலிருந்து 'சுவர்கள்' பத்திக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம். நீளம், தடிமன், பூச்சு உண்டா இல்லையா என்று கேட்டிருந்தார்கள். பூச்சு வேண்டாம் என்று எழுதினேன். பூசாமல் விட்டால்தான் அவர் நன்றாக இருப்பார்.

வீட்டில் பிரகதீஷ் அதைப் படித்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அம்மணி நிக்கோணும்?"

"மேக்காலைங்க மாமா."

"வெயில் நல்லா அடிக்குமே."

"அதுக்குத்தானுங்க."

"செரி, ஆகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மேற்கே ஒரு சுவர் நின்றது. ஒன்றேகால் அடி தடிமன். சட்டைப்பை இருந்த இடத்தில் சின்ன மாடம் ஒன்று, அதில் அவருடைய பேனா. மீட்டரில் பூஜ்யம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் சொல்ல உள்ளே ஓடினேன். பதில் இல்லை. வெளிப்பக்கம் சுற்றிப் போய், "மாமா, பூஜ்யமுங்க" என்றேன். அப்போது காலை ஒன்பது மணி. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் குரல் கேட்டது. "அப்பிடியா அம்மணி. நல்லதாப் போச்சு."

தடித்த சுவர் அப்படித்தான். வெளியே அடிக்கும் வெயில் உள்ளே வந்து சேர எட்டு மணி நேரம் எடுக்கும். அவரிடம் பேச்சும் அதே கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. வெளியே நின்று சொன்னால்தான் வாங்கினார். உள்ளே மட்டும்தான் கொடுத்தார். காலையில் வெளியே போய் "சாப்பிட்டீங்களா?" என்பேன். மாலையில் உள்ளே உட்கார்ந்து "இல்ல அம்மணி, பசிக்கல" என்பதைக் கேட்பேன். நிறையத் தம்பதிகள் இதைவிட மோசமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் எங்கள் வகுப்பில் ஒருவன் என்னைவிட ஒரு பாயிண்ட் முன்னால் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. கான்கிரீட் தூண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாயிண்ட் கழிப்பார்கள். மேற்கு மூலையில் ஒரு தூண் நின்றது. அதை அழித்தேன். கூரை ஸ்லாப்பை பிரகதீஷின் தோள்மேல் இறக்கினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர எட்டு மணி நேரம் ஆகும். வரைபடத்தைக் கொடுக்க மூன்று மணி நேரம்தான் இருந்தது. எப்படியும் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

பங்குனியில் ஜூரி வந்தது. மூன்று பேரும் மீட்டரைப் பார்த்தார்கள். ஒருவர் மேற்குச் சுவரில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்ல செவுரு. எங்க புடிச்சீங்க?"

"சொந்தத்துலதானுங்க சார்."

எனக்குத்தான் முதல் இடம் கிடைத்தது. பட்டத்தைச் சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள். முதல் இடம் வாங்கிய கட்டடத்தையும் அதன் பாயிண்டையும் முதலாம் ஆண்டுக்காரர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுப்பது வழக்கம். அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குள் கட்டடத்தைக் காலி செய்து, புது மாணவியிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

விடிந்ததும் அலுவலகத்துக்குப் போய், பிரகதீஷைத் திரும்ப ஆளாக மாற்ற வேண்டும் என்றேன். தட்டிக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மூலையில இருந்த பில்லரு என்னாச்சு?"

"எடுத்துட்டனுங்க."

"அப்ப அவரு தாங்கு செவுரு. தாங்கு செவுத்த இடிக்க அனுமதி இல்ல."

"இடிக்கலீங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கு ஃபாரம் இல்ல. அவரா எறங்கறேன்னு சொன்னா எறங்கலாம்."

ஓடினேன். வராண்டா நீண்டுகொண்டே போனது. கட்டடத்தின் மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அந்தப் பக்கம் இன்னும் வெயில் திரும்பவில்லை, செங்கல் குளிர்ந்தே இருந்தது. வாயை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, பட்டம் வாங்கிட்டேன். நம்ம ஊட்டுக்குப் போலாமுங்க. எறங்கி வர்றீங்களா?"

பதில் ஆறு மணிக்கு வரும். சாவி ஐந்து மணிக்கு. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நேரம் புதுப்பிக்க முடியாத வளம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

ஐந்து மணிக்குப் புது மாணவி சம்யுக்தா வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் நோட்டு, பின்னால் ஒரு வண்டிச் சாமான். சாவியைக் கொடுத்தேன். சுவர் ஏதாவது பேசினால் ஜன்னல் வழியாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். ஒரு மணி நேரம் வேறெதையும் நினைக்காமல் அவர் இறங்கி வருவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேனாவை அவர் மறந்துவிடக் கூடாது என்று கூடக் கவலைப்பட்டேன்.

ஆறு மணிக்கு ஜன்னல் திறந்தது.

"அக்கா, செவுரு பேசுதுங்க்கா."

"என்னன்னு?"

"'இப்ப எப்பிடி அம்மணி வர்றது'ங்குது. 'உள்ள ஒரு புள்ள சாமான் எறக்கிட்டு இருக்குது. நான் நவுந்தா கூரை அது தலைமேல வுழுந்துரும். நீ போய்ச் சாப்புடு'ங்குது."

அவர் அப்படித்தான் சொல்வார். வேறு மாதிரி சொல்லத் தெரிந்திருந்தால் சுவராகவே ஆகியிருக்க மாட்டார். நான் தூணை அழித்த அன்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன். சம்யுக்தா ஜன்னலைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கு மூலைக்குப் போனேன். தூண் நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்லாப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நான் புடிச்சுக்கறேன். நீங்க எறங்குங்க" என்றேன் சுவரைப் பார்த்து.

சம்யுக்தா நோட்டோடு வெளியே வந்தாள்.

"அக்கா, நீங்க இங்கியே நிக்கறதா இருந்தா லிஸ்ட்டுல எழுதோணுமுங்க. எந்தப் பத்தியில எழுதறது?"

"பில்லருன்னு எழுது."

"பில்லருக்கு ரெண்டு பாயிண்ட் போயிருங்க்கா."

"போகும்."

அவள் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். முகம் கொஞ்சம் வாடியது.

"கான்கிரீட்டுங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன மெட்டீரியலுங்க்கா?"

"பொண்டாட்டி."

பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினாள். "அப்பிடி ஒண்ணு இதுல இல்லீங்களே" என்றாள்.

கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்து எழுதினாள். ஸ்லாப் நாளெல்லாம் வெயிலில் கிடந்து சூடாக இருந்தது. நான் கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றுகொண்டேன்.