காகம் தொடாத ஈரல்

காலையில் எழும்பினேன். பல் விளக்கினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து வெறும் தேத்தண்ணீர் போட்டேன். நேற்றைய பாணைச் சம்பலோடு தின்றேன். பூனைக்கு ஒரு சூடை மீனைப் போட்டேன். சேட்டை அயன் பண்ணினேன். சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். என் மனைவி நிரோஜா செத்தபிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்கு நகரத்து மண்டபம் ஒன்றில் கடலாமைப் பாதுகாப்புச் செயலமர்வு. வெளிநாட்டு அம்மையார் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் குருநகர் ஆட்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கம்பஸில் விலங்கியல் படித்தவன் இப்படித்தான் பிழைக்கிறான்.

வரும்போது சித்தப்பாவையும் ஏற்றிவரச் சொல்லியிருந்தார்கள். நீக்கிலாப்பிள்ளைச் சித்தப்பா எங்கள் கரையின் ஆமைக் காவலர் குழுத் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் ரீசேட் கொடுப்பார்கள். நெஞ்சில் ஆமை நீந்தும். நான் போனபோது அவர் முற்றத்தில் அந்த ரீசேட்டோடுதான் நின்றார். காலடியில் புதிதாகக் கழுவிவிட்ட ஈரம். மதிலில் ஒரு துண்டு ஈரல்.

ஆமை அறுத்தால் முதலில் ஈரலில் ஒரு துண்டை மதிலில் வைப்பார்கள். காகம் கொத்தினால் கறி அடுப்பில் ஏறும். கொத்தாவிட்டால் நஞ்சு, முழுவதையும் எறிய வேண்டும். சட்டத்தை மதிக்காத எங்கள் கரை காகத்தையாவது மதித்து வந்தது.

“எப்ப வைச்சது?”

“விடியவே வைச்சிட்டன்.”

“காகம் தொடேல்லை.”

“துறையிலை மீன் குடல் குவிஞ்சு கிடக்கு மோனை. காகத்துக்கு வயிறு ஊதிப்போச்சு. அதுக்காகக் கறியைக் கொட்டேலுமே?”

“என்ன ஆமை?”

“பேராமைதான். திங்கிற ஆமை.”

“ஓட்டைப் பாத்தால்தானே தெரியும். எங்கை?”

“கடலிலை.”

போன வருடம் பாஸ்காப் பெருநாள் முடிந்த கிழமையும் இதே மதில், இதே பேச்சாம். நான் கிளிநொச்சியில் வேலை முடித்து வருவதற்குள் நிரோஜா இங்கே தின்றுவிட்டு, என் பங்கைச் சட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். பேராமை என்று அறுத்தது அழுங்காமை. அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அதற்கு மருந்தும் இல்லை. தின்றவர்கள் எல்லோரும் சத்தி எடுத்தார்கள். நிரோஜா மட்டும் செத்தாள். ஆமை பிடிப்பது குற்றம் என்பதால் ஆஸ்பத்திரியில் சித்தப்பா நண்டுக்கறி என்று சொன்னார். அவள் ‘இயேசு மரி சூசை’ என்று செபித்தபடி கண்மூடியதாக நினைவு அட்டையில் அடிக்கச் சொன்னதும் அவர்தான். அந்த நேரம் அவர் வேறொரு வாட்டில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

குசினி வாசலில் அவருடைய மருமகள் றெஜினா கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ தின்னாதை. நஞ்செண்டால் பாலிலையும் இறங்கும்.”

“எனக்கெண்டுதான் வெட்டினதாம் அண்ணை. பால் சுரக்குமாம்.” அவள் மாமனாரைப் பார்க்காமல் சொன்னாள். “நான் வேண்டாமெண்டால் ஆர் கேக்கினம்?”

“இவன் படிச்சதெல்லாம் சாவைப் பற்றித்தான்” என்றார் சித்தப்பா. “நாங்கள் எல்லாரும்தானே திண்டனாங்கள். செத்தமோ? நிரோஜாவுக்கு முதலே காத்துப்பட்டால் விழுற உடம்பு. சைக்கிளை எடு, நேரம் போகுது.”

எடுத்தேன். ஏற்றினேன். அந்த மனிதரின் பாரத்தை நகரம்வரை உழக்கினேன்.

அம்மையார் உலகம் முழுவதையும் திரையில் காட்டினார். ஒரு நாட்டில் ஊராரே அளவோடு முட்டை பொறுக்கச் சட்டம் விட்டிருக்கிறது. இன்னொரு நாட்டில் ஓட்டை உரித்துச் சீப்பும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். வேறொரு கடலில் ஆமை தப்பிப் போக இழுவை வலைக்குக் கதவு வைக்கிறார்கள். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். முன்வரிசை சாப்பாட்டுப் பார்சல் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே இன்னும் தின்கிறார்களா என்று அம்மையார் கேட்டார். சித்தப்பா எழும்பினார்.

“எங்கடை சனம் உந்தப் பழக்கத்தை விட்டுக் கனகாலம். ஆமை எங்களுக்குப் பெத்த பிள்ளை மாதிரி.”

கைதட்டினார்கள். மொழிபெயர்த்தேன். பிறகு ஆங்கிலத்திலேயே தொடர்ந்தேன். இவர் இன்று விடிய ஒன்றை அறுத்திருக்கிறார், கறி இப்போது அடுப்பில் ஏறியிருக்கும், பால் கொடுக்கிற பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறார், போன வருடம் என் மனைவி அதைத் தின்றுதான் செத்தாள் என்றேன்.

அம்மையார் வாயைப் பொத்தினார். என் முழங்கையைத் தொட்டார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். அவரை அழைத்துவந்த நிறுவனத்தின் இணைப்பாளர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“தம்பி, உதுகளைக் கூட்டத்திலை கதைக்கிறதே? பிறகு சனம் எங்களோடை ஒத்துழைக்குமோ?”

“கறி இப்ப அடுப்பிலை.”

“ஓமோம், அதைப் பிறகு பாப்பம். முதல் ஒரு குறூப் போட்டோ எடுப்பம்.”

அம்மையார் உடைந்த தமிழில் வணக்கம் சொன்னார். எல்லோரும் உருகினார்கள். பிளாஸ்டிக் ஆமை ஒன்றைச் சித்தப்பாவின் கையில் கொடுத்து நடுவில் நிறுத்தினார்கள். நான் சைக்கிளை எடுத்தேன்.

கறி கொதித்து அடங்கியிருந்தது. றெஜினா அகப்பையோடு நின்றாள். குழந்தை ஏணையில் நித்திரை.

“திண்டனியோ?”

“இல்லை. மாமா வந்தாப்பிறகுதான்.”

இரண்டு துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினேன். கரையில் கொட்டினால் நாய் தின்னும். பின்வளவுக்குக் கொண்டுபோய்க் கக்கூஸ் குழியின் மூடியைத் தள்ளி உள்ளே கவிழ்த்தேன். பச்சை இறைச்சி வாளியில் மிச்சம் கிடந்தது. அதையும் கொட்டினேன். றெஜினா வெறும் சட்டியை வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

சித்தப்பா யாருடையதோ மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கக்கத்தில் சாப்பாட்டுப் பார்சல். நேரே குசினிக்குள் போய் வந்தார்.

“கறி எங்கை?”

“குழியிலை.”

“விசர் நாயே. ஒரு வீட்டின்ரை சாப்பாடடா.”

“மதிலைப் பாருங்கோ.”

அவர் பார்க்கவில்லை. ஈரல் வைத்தபடியே காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி இரண்டு காகங்கள் அவருடைய பார்சலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அங்கை என்னவோ இங்கிலீசிலை கதைச்சியாம். ஆரடா உன்னை நம்பினவை? அவளெண்டால் புண்ணியவதி. சாகேக்கையும் ஆண்டவரைத்தான் கூப்பிட்டவள். நீ ஆரைக் கூப்பிடுறாய் எண்டு பாப்பம்.”

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். அவளுக்கு நாக்கு மரத்திருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. என் சேட்டைப் பிடித்து இழுத்து, மெல்ல, சொல் சொல்லாகச் சொன்னாள்.

“வீட்டிலை அந்தச் சட்டி மூடாமல் கிடக்கு. போய்க் கொட்டிப்போட்டு வாங்கோ. பூனை திண்டிடும்.”