ஆறாம் நாள் இருமல்

"கவசத்தை ஒழுங்கா போடு. மூக்கு தெரியுது" என்றாள் வீட்டு எஜமானி யே அம்மா, சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வர்சினி முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள். தைவானின் தைப்பே நகரிலுள்ள இந்த வீட்டுப் பெரியவரைக் கவனிக்க அவள் ஜாவாவிலிருந்து வந்து நான்கு வருடமாகிறது. தொற்று பரவிய நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஞாயிறு விடுப்பும் போயிற்று. "உங்க ஆளுங்க கும்பல் சேருவீங்க" என்று காரணம் சொல்லியாகிவிட்டது.

மேசையில் இருந்தவர்கள் வெறும் முகத்தோடு இருந்தார்கள். மகன் போயென் அமெரிக்காவிலிருந்து வந்து ஆறு நாள்தான். பதினான்கு நாள் மாடி அறையை விட்டு இறங்கக் கூடாது என்பது அரசு உத்தரவு. மூன்றாம் நாளே அவனுக்கு அலுத்துவிட்டது. இன்று தாத்தாவை ஒட்டி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

தொலைக்காட்சியில் நாடுவாரியாகச் சாவுச் செய்தி ஓடியது.

"அங்கெல்லாம் முகத்தை மூடச் சொன்னா, உரிமை போச்சுன்னு ஊர்வலம் போறானுங்க. நமக்கு ஒழுங்கு ரத்தத்துலயே இருக்கு" என்றபடி யே அம்மா மகனின் கிண்ணத்தில் மீனை வைத்தாள். அந்த ஒழுங்கு மூன்று முறை இருமியது.

"அம்மா, தாத்தாவுக்கு ஏற்கெனவே நுரையீரல் பழுது. தம்பிக்கு நான் மாடிக்கே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"என் புள்ளைய நோயாளிங்குறியா? கிருமியெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்ககிட்டதான் இருக்கும்."

பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர், கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி வர்சினியையே பார்த்தார்.

தொலைபேசி அடித்தது. வட்டார அலுவலகத்திலிருந்து தினமும் வரும் அழைப்பு. எடுப்பது வர்சினியின் வேலை. "தூங்குறான்னு சொல்லு" என்றாள் யே அம்மா. மூன்று நாளாக வர்சினியும் அப்படித்தான் சொல்லி வந்தாள்.

"போயென் அறையில இருக்காரா?"

"இல்லைங்க. கீழே சாப்பிடுறார். கவசம் இல்ல. இருமுறார். பக்கத்துல வயசானவர் இருக்கார்."

அரை மணி நேரத்தில் அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

"வெளிநாட்டுக்காரி. பாஷை தெரியாம உளறிட்டா" என்று யே அம்மா சிரித்து மழுப்பினாள். போயென் அந்த நேரம் பார்த்து இருமித் தொலைத்தான். அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

கதவைச் சாத்தியதும் யே அம்மா திரும்பினாள். "நன்றி கெட்டவளே, மூட்டையக் கட்டு. நாளைக்கே ஊருக்கு அனுப்புறேன்."

வர்சினி பெரியவருக்குப் புதுக் கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அனுப்புங்கம்மா, பதினாலு நாள் கழிச்சு. அதுவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அதிகாரிங்க சொன்னது உங்களையும் சேர்த்துத்தான்."